மாரென் ஊர்ப் பணியாரம்

டிசம்பர் 1, திங்கள்

இந்த டைரியில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். யாரிடம் என்று தெரியவில்லை. இது கம்பெனியில் பொங்கலுக்குக் கொடுத்த டைரி. தாள் வழுவழுவென்று இருக்கிறது, பெரிய மனிதர் யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று அப்பா பீரோவில் வைத்துவிட்டார். பெரிய மனிதர் யாரும் வரவில்லை. வருடமும் முடியப்போகிறது. இத்தனை மாதங்களை வெறுமையாக விட்டுவிட்டுக் கடைசி மாதத்தில் வந்து உட்கார்வது, பரீட்சைக்குத் தாமதமாகப் போய்க் கதவருகில் நிற்பதுபோல இருக்கிறது. எங்கள் வீட்டில் பாடத்துக்காக அல்லாமல் யாரும் எதையும் எழுதியதில்லை. எழுதப் படித்ததே நான் மட்டும்தான் என்பதும் ஒரு காரணம்.

இப்போது எழுதக் காரணம் ஒரு பணியாரச் சட்டி.

பணகுடிக்குப் பக்கத்தில் உள்ள காற்றாலைப் பண்ணையில் கண்காணிப்பு அறையில் வேலை பார்க்கிறேன். எந்தக் காற்றாலை சுற்றுகிறது, எது நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று திரையைப் பார்த்துக் குறிப்பது என் வேலை. காற்று குறைந்த மாதங்களில்தான் இயந்திரங்களைப் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்காக டென்மார்க்கிலிருந்து மாரென் என்ற பொறியாளர் வந்திருக்கிறார். முப்பத்தைந்து வயதிருக்கும். எங்கள் தெருவிலேயே கம்பெனி எடுத்துக்கொடுத்த வீட்டில் இருக்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். அடுப்பில் குழிப்பணியாரம் வெந்துகொண்டிருந்தது. மாரென் வாசலில் செருப்பைக் கழற்ற மறந்து நேராக அடுக்களைக்குள் வந்து, "இது எங்கள் ஊர்ச் சட்டி" என்றார் ஆங்கிலத்தில். நான் அதை அம்மாவிடம் சொன்னதும் அம்மா சட்டியின் காதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏட்டி, இது எங்கம்மா எனக்குக் குடுத்த சீருன்னு சொல்லு. வள்ளியூர் சந்தையில வாங்குனது. இவுக ஊருக்கு எப்பிடிப் போவும்?"

மாரென் போனில் ஒரு படத்தைக் காட்டினார். அம்மா எட்டிப் பார்த்தாள். அதே இரும்பு, அதே ஏழு குழி, நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு. கைப்பிடி மட்டும் நீளம்.

"அட, ஆமா" என்றாள் அம்மா. பிறகு, "இவுக பேரு என்ன சொன்ன, மாரெனா? நான் மாரின்னே கூப்பிடுதேன். வாய்க்கு வசதியா இருக்கு."

அவ்வளவு தூரத்தில் இருக்கும் இரண்டு ஊர்களில் ஒரே சட்டி எப்படி வந்தது? இதைத்தான் நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசிப்பதை எங்காவது வைக்க வேண்டும்போல இருந்தது. அதற்குத்தான் டைரி.

டிசம்பர் 2, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாரெனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவை:

அவர்கள் அந்தச் சட்டியில் சுடும் உருண்டைக்குப் பெயர் ஏப்லஸ்கீவ. டிசம்பர் மாதம் முழுக்க அங்கே எல்லார் வீட்டிலும் உண்டு. மேலே பொடித்த சர்க்கரை, தொட்டுக்கொள்ளப் பழ ஜாம். பெயருக்கு ஆப்பிள் துண்டுகள் என்று பொருள். ஆனால் உள்ளே ஆப்பிள் கிடையாது. முன்காலத்தில் இருந்ததாம். எப்போது போயிற்று என்று கேட்டேன். மாரென் யோசித்துவிட்டு, "இதுவரை என்னிடம் யாரும் கேட்டதில்லை" என்றார். பல்சக்கரத்தில் ஒரு பல் மயிரிழை தேய்ந்திருந்தாலும் சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பவர் அவர்.

"எப்படிச் செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

அதற்கு முகம் சிவந்துவிட்டது அவருக்கு. செய்ததே இல்லையாம். கடையில் உறைய வைத்த பையாக வாங்கி வந்து சூடுபடுத்திச் சாப்பிடுவதுதான். அவர் அம்மாவும் அப்படித்தானாம்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்ததில் பக்கத்து வீட்டு ஆடு திரும்பிப் பார்த்தது.

"அப்போ நமக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. நல்ல கூத்துதான்."

மாரென் இருபத்திரண்டாம் தேதி ஊருக்குப் போகிறார். அதற்கு முந்தைய ஞாயிறு மாலை, காற்றாலைகளில் ஏறும் குழுவினர் எல்லோரையும் கூப்பிட்டு இதைக் கொடுக்க ஆசையாம். எங்கள் வீட்டில் செய்து பழகலாமா என்று கேட்டார். அம்மா சரி என்றாள். அப்பா செய்தித்தாளைத் திருப்பினார். படங்களைப் பார்ப்பார்.

டிசம்பர் 4, வியாழன்

எட்வின் அண்ணன் இன்று கண்காணிப்பு அறைக்கு வந்தார். அவர் ஏறும் குழுவுக்குத் தலைவர். எங்கள் ஊர்க்காரர், அப்பாவை நன்றாகத் தெரியும்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. உயரத்துல வேல பாக்குறதுக்கு டிரெயினிங்கு. கோயம்புத்தூர்ல ஒரு வாரம். நம்ம சைட்டுக்கு ரெண்டு எடம். வேணும்ங்கவங்க இருபத்தொண்ணாந் தேதிக்குள்ள எங்கிட்டச் சொல்லிருங்க. பொம்பளப் பிள்ளையளும் வரலாம்னு போட்டிருக்கான்."

கடைசி வாக்கியத்துக்கு அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது. அறையில் பெண் என்று நான் ஒருத்திதான்.

"என்ன செல்வக்கனி, தலைய ஸ்க்ரீனுக்குள்ள விட்டுட்டிய?" என்றார் எட்வின் அண்ணன். சிரித்தார்கள்.

பதினேழாம் எண் காற்றாலை நின்றிருந்தது. குறித்துக்கொண்டேன்.

இதை ஏன் எழுதுகிறேன் என்றால் இன்று நடந்தது இது மட்டும்தான். எனக்கு இதில் ஒன்றுமில்லை. இரண்டு வருடமாகத் திரையில் எண்களாகப் பார்க்கிறேன். காற்றாலை உச்சியில் உள்ள இயந்திரப் பெட்டிக்குள் எப்படிச் சத்தம் கேட்கும், காற்று திரும்பும்போது தரை நகர்வது காலுக்குத் தெரியுமா, அங்கிருந்து பார்த்தால் எங்கள் வீட்டு ஓடு தெரியுமா, இவை தெரியாமலே வேலை நடக்கிறது.

மேலும், எங்கள் வீட்டில் ஏறுவது என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. அப்பா பனையேறியாக இருந்தவர். சித்தப்பாவும் அப்படித்தான். நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது சித்தப்பா பனையிலிருந்து விழுந்து இறந்துபோனார். அன்றோடு அப்பா மரத்தில் கை வைக்கவில்லை. லோடு ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டார். வீட்டில் ஒட்டடை அடிக்க ஸ்டூல் போட்டாலும் வந்து பிடித்துக்கொள்வார். என்னைப் பொறியியல் சேர்த்தபோது அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "தரையில நின்னு பாக்குற வேலையா பாத்துக்கோ, பிள்ள."

நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டேன்.

பேக்கிங் சோடா வாங்க வேண்டும்.

டிசம்பர் 7, ஞாயிறு

முதல் முயற்சி. முழுத் தோல்வி என்று சொல்ல முடியாது, எல்லாவற்றையும் தின்றுவிட்டோம்.

மைதா, முட்டை, வெண்ணெய், கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சைத் தோல் துருவல், ஏலக்காய், மோர். ஏலக்காய் என்று படித்ததும் அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம். "அந்தக் குளிருல ஏலக்காய் வெளையுமா?" விளையாது, ஆனாலும் அங்கே ரொட்டிக்கெல்லாம் போடுவார்களாம். யார் கொண்டுபோய்க் கொடுத்தது? இதையும் யோசிக்க வேண்டும்.

முட்டையின் வெள்ளைக்கருவைத் தனியே நுரைக்க அடிக்க வேண்டும். மாரென் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் அதற்குக் கருவி இல்லை. அம்மா தயிர் மத்தை எடுத்துக் கொடுத்தாள். மாரென் அதைக் கயிறு போலத் திரித்தார். அம்மா பிடுங்கி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக் கடைந்தாள். நுரை மலைபோல எழும்பியது. மாரென் கை தட்டினார். அம்மா வெட்கப்பட்டாள்.

பிறகு மோர். "அடுக்களையில சட்டியில இருக்கு, ஊத்து" என்றாள் அம்மா. நானும் ஊற்றினேன். ஊற்றிய பிறகுதான் மாவில் கறிவேப்பிலை மிதந்தது. காலையில் குடிக்கத் தாளித்து வைத்த மோர். உப்பு, இஞ்சி, பெருங்காயம் எல்லாம் இருந்தன. மாரென் ஒரு கறிவேப்பிலையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "இது எங்கள் செய்முறையில் இல்லை" என்றார் ரொம்ப மரியாதையாக.

மாவு வீணாகக் கூடாது என்று அப்படியே சுட்டோம். அம்மா சட்டிமுன் உட்கார்ந்தாள். குழி நிறைய ஊற்றினாள். அடி சிவந்ததும் கம்பியை ஓரத்தில் விட்டு ஒரே சுண்டு. உருண்டை தலைகீழாகத் திரும்பியது. அம்மா அதைச் செய்யும்போது கண் பார்க்காது, கைதான் பார்க்கும்.

ஆனால் வந்தது உருண்டை இல்லை. கீழே ஒரு கிண்ணம், மேலே ஒரு கிண்ணம், இடுப்பில் ஒரு விளிம்பு. உள்ளே பச்சை மாவு. மாரெனின் படத்தில் இருப்பதோ பந்து.

"ஒட்டியாணம் கட்டுன பணியாரம்" என்றாள் அம்மா.

அப்பா தின்னும்போது பெருங்காயத்தைக் கண்டுபிடித்தார். "அவுக ஊர்ல இப்பிடித்தான் இருக்குமா?" என்று என்னைத் தனியாகக் கேட்டார். இல்லை என்றேன். "நல்லவேள" என்றார்.

ஒரே சட்டி, ஒரே கம்பி. அங்கே பந்து வருகிறது, இங்கே ஒட்டியாணம். எங்கே தவறு?

டிசம்பர் 8, திங்கள்

சுரண்டையிலிருந்து வந்த புதுப் பையன் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டானாம். இன்னும் ஓர் இடம்தான் இருக்கிறது. மிக்ஸியில் சர்க்கரை பொடித்தேன். மூடி சரியாக விழவில்லை, அடுக்களை முழுக்க வெள்ளை.

டிசம்பர் 10, புதன்

மழை. கம்பெனி ஜீப்பில் மாரெனோடு வீட்டுக்கு வந்தேன். வைப்பர் சரியாக வேலை செய்யவில்லை. மெதுவாக வந்தோம்.

"நீ மேலே போயிருக்கிறாயா?" என்று கேட்டார்.

"ஏலக்காய் உங்கள் ஊருக்கு முதலில் எந்த வழியாக வந்திருக்கும்?" என்று கேட்டேன்.

அவர் கப்பல்களைப் பற்றி, தன் ஊர் இனிப்பு ரொட்டியைப் பற்றி, சின்ன வயதில் ஏலக்காயைக் கடித்துவிட்டு அழுததைப் பற்றி நிறையச் சொன்னார். பிறகு, "நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை" என்றார்.

"இங்கே இறங்க வேண்டும்" என்று சொல்லி இறங்கிக்கொண்டேன். வீட்டுக்கு இன்னும் பஞ்சாயத்து ஆபீஸ் வரை நடக்க வேண்டியிருந்தது. நனைந்துவிட்டேன். குடை ஜீப்பில் இருந்தது.

டிசம்பர் 12, வெள்ளி

கண்டுபிடித்துவிட்டேன்.

மாரெனின் தம்பி ஒரு வீடியோ அனுப்பியிருந்தான். பேச்சு புரியாது, கை மட்டும் தெரியும். மாரென் எனக்கு அதை அனுப்பினார். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அந்தக் கை உருண்டையைத் திருப்பவே இல்லை. தள்ளுகிறது. அடியில் ஓடு பிடித்ததும் ஓரத்தை ஊசியால் கொஞ்சம் தூக்குகிறது. கால் பாகம்தான். ஓடு செங்குத்தாகச் சுவர்போல நிற்கிறது. நடுவில் இருக்கும் பச்சை மாவு வழிந்து குழிக்குள் இறங்கி, அதுவும் ஓடாகிறது. பிறகு இன்னொரு கால். பிறகு இன்னொன்று. கடைசியில் வாய் மூடிக்கொள்கிறது.

விடியற்காலையில் எழுந்து, முட்டையில்லாமல் வெறும் மைதாவும் தண்ணீரும் கரைத்துச் செய்து பார்த்தேன். மூன்றாவது ஈட்டில் ஒரு பந்து வந்தது. உடைத்துப் பார்த்தேன். உள்ளே காலி! மாவு எல்லாம் வெளியே ஓடிப்போய் ஓடாகிவிட்டதால் நடுவில் ஒன்றுமில்லை, காற்றுதான். இவ்வளவு சின்னதற்குள் ஓர் அறை இருக்கிறது. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மாவை எழுப்பிக் காட்டினேன். அம்மாவும் செய்து பார்த்தாள். முடியவில்லை. கால் பாகத்தில் நிறுத்த அவள் கைக்குத் தெரியவில்லை. கம்பி பட்டதும் தானாக முழுக்கத் திருப்பிவிடுகிறது.

"சனியன், நிக்க மாட்டேங்குது" என்று தன் கையையே திட்டினாள். "எத்தன வருசத்துப் பழக்கம். நீயே சுடு. நீ சட்டிப் பக்கமே வராதவ, அதான் ஒனக்கு வருது."

பாராட்டா, திட்டா தெரியவில்லை. இரண்டாகவும் எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

இரண்டாவது முயற்சி. இன்று கடைத் தயிரைத் தண்ணீர் விட்டுக் கலக்கினோம், தாளிக்கவில்லை.

நான் சுட்டேன். ஏழும் பந்து. மாரென் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டினார். என்ன கேட்டதோ, "வெந்துவிட்டது" என்றார். ஊதி ஊதித் தின்றார். பிறகு, கடைப் பையில் இருப்பதைவிட இது நன்றாக இருப்பதாகவும், அதைத் தன் ஊரில் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் சொன்னார். ஜாமுக்குப் பதில் அம்மா கருப்பட்டிப் பாகு காய்ச்சியிருந்தாள். மாரென் விரலைக்கூட நக்கினார்.

அப்பா பொதுவாகத் தின்று முடித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். இன்று போகவில்லை.

"அவுககிட்ட ஒண்ணு கேளு" என்றார். "அந்தக் காத்தாடியில எப்பிடி மேல போவாவ? வெளிய கூடியா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

நான் கேட்டேன். மாரென் சொன்னதைத் தமிழில் சொன்னேன். டவர் உள்ளே காலி. ஏணி உள்ளே இருக்கிறது. ஏணியோடு ஒரு எஃகுக் கம்பி போகும். இடுப்பு பெல்ட்டை அதில் மாட்டிக்கொண்டு ஏற வேண்டும். கால் வழுக்கினால் அந்தக் கம்பியில் உள்ள பூட்டு இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

"அந்த பெல்ட்டு சரியா இருக்கான்னு யாரு பாப்பாவ?"

"முதலில் நான் பார்ப்பேன். பிறகு என்னோடு ஏறுபவர் என்னுடையதைப் பார்ப்பார். நான் அவருடையதைப் பார்ப்பேன். தனியாக யாரும் ஏறக் கூடாது" என்றார் மாரென்.

"தனியா யாரும் ஏறக் கூடாது" என்று அப்பா தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார். தட்டில் இருந்த பாகை விரலால் வழித்தார்.

அப்போது மாரென் கையில் பாதி உருண்டையோடு என்னைக் காட்டி, பிறகு ஜன்னல் வழியாக மேலே காட்டி, அப்பாவைப் பார்த்துச் சொன்னார்: "பதினேழாம் இயந்திரத்தில் கோளாறு எங்கே என்று உங்கள் மகள் கீழே உட்கார்ந்தே சொன்னாள். நாங்கள் மேலே போய்ப் பார்த்தோம், அங்கேதான் இருந்தது. அவள் மேலே வர வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

அப்பா என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுதாவ?"

"பணியாரம் அடுத்த தடவ இன்னும் நல்லா வருமாம்."

அப்பா மாரெனின் விரல் போன பக்கம் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள்தான் நின்றன.

"பணியாரமா?" என்றார்.

"ஆமாப்பா."

மொழிபெயர்க்கும்போது ஒன்றிரண்டு வரி விடுபடுவது சகஜம்.

டிசம்பர் 15, திங்கள்

எட்வின் அண்ணனிடம் பெயர் கொடுத்தேன்.

கொடுக்கப் போகவில்லை. டீ வாங்கப் போனேன். அவர் அங்கே நின்றார். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவர் டீயை ஆற்றுவதை நிறுத்திவிட்டார்.

"வெளையாட்டு இல்லியே?"

"இல்லண்ணே."

"எனக்குச் சந்தோசம்தான் பிள்ள. ஆனா ஒங்க அப்பா சுயம்பு அண்ணாச்சி கதை எனக்குத் தெரியும். செத்துப்போன ஒங்க சித்தப்பா எனக்குக் கூட்டாளி. சுயம்பு அண்ணாச்சிய மீறி ஒன்ன ஏத்திவிட்டுட்டு நான் அந்தத் தெருவுல நடக்க முடியாது. அவரு வாயால கேட்டுக்கிடுதேன். ஞாயித்துக்கெழம உங்க வீட்டுக்குத்தான வாறோம், அப்ப கேட்டுட்டு, மறுநா காலையில பேர அனுப்பிருவேன்."

"நீங்களே கேப்பீங்களா?"

"நான் கேப்பேன். அதுக்கு முந்தி நீ சொல்லிரு. எங்கிட்டருந்து மொதல்ல கேட்டாருன்னா அவருக்கு வலிக்கும்."

அவர் சொன்னது சரிதான். முட்டை விலை ஏறிவிட்டது.

டிசம்பர் 16, செவ்வாய்

சொல்லவில்லை.

டிசம்பர் 17, புதன்

அம்மாவிடம் சொன்னேன். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயை மூடிவிட்டுத் திரும்பினாள்.

"அன்னைக்கு அந்த மாரி மேல காட்டிப் பேசும்போதே நெனச்சேன். பணியாரத்துக்கு எதுக்கு வானத்தக் காட்டணும்?"

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமாம்மா?"

"அவருக்கு என்ன, கண்ணு பொட்டையா?" என்றாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு என்னருகில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது எனக்கு இதுவரை தெரியாதது. என்னிடம் யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கேட்கும் நான் இதைக் கேட்டதில்லை என்பது இன்றுதான் உறைத்தது.

அன்று கோடைமழை தூறிவிட்டிருந்தது. சித்தப்பா மரத்தடியில் நின்று, "அண்ணே, மரம் நனைஞ்சு கெடக்கு, ஏறட்டுமா, நாளைக்குப் பாப்பமா?" என்று கேட்டிருக்கிறார். அப்பா அடுத்த மரத்து உச்சியில் இருந்தார். கீழே பார்க்காமலே, "சரி, ஏறு" என்றாராம்.

"அந்த ஒரு சொல்லுதான் அவர அரிக்குது. நீ கவனிச்சிருக்கியா? எதுக்கும் சரின்னு சொல்ல மாட்டாரு. தலைய ஆட்டுவாரு. 'செய்யி'ம்பாரு. ஒன்ன காலேஜுல சேக்கும்போதுகூட 'பாத்துக்கோ'ன்னுதான் சொன்னாரு. அவருகிட்டப் போயி ஏறட்டுமான்னு நீ கேக்கப்போற."

நான் யோசித்துப் பார்த்தேன். உண்மை. இருபத்து மூன்று வருடத்தில் அப்பா சரி என்று சொல்லி நான் கேட்டதாக நினைவில்லை. இத்தனை நாள் அவரைக் குறைவாகப் பேசும் மனிதர் என்று நினைத்திருந்தேன்.

"அப்போ கேக்காண்டாமா?"

"நான் அப்பிடிச் சொன்னேனா?" என்று அம்மா எழுந்துவிட்டாள். "சோறு கொழஞ்சிரும், போ, அடுப்பப் பாரு."

டிசம்பர் 18, வியாழன்

கனவில் படிகள் வந்தன. எழுந்து மாவு சலித்தேன்.

டிசம்பர் 19, வெள்ளி

அப்பா லோடு இறக்கிவிட்டு வந்து கை கழுவும்போது, "ஏ பிள்ள, அவுக ஊரு உருண்டைய எப்பிடித் திருப்புத?" என்று கேட்டார். காட்டினேன். காலியான சட்டியில் ஓர் எலுமிச்சம்பழத்தை வைத்து, கம்பியால் கால் கால் பாகமாகத் தள்ளிக் காட்டினேன். பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்தார். "அதுக்குள்ள வெறும் காத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "நல்லா இருக்கு" என்றார்.

அப்போது கேட்டிருக்கலாம். எலுமிச்சம்பழத்தை இன்னும் இரண்டு முறை உருட்டிக் காட்டினேன்.

டிசம்பர் 20, சனி

மாரென் பெட்டி கட்டிவிட்டார். எங்கள் அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை கொடுத்தார். இந்த ஊர் வெயிலில் அதை என்ன செய்வாள் என்று தெரியவில்லை. வாங்கியதும் போர்த்திக்கொண்டு தெருவில் ஒரு சுற்றுப் போய்வந்தாள்.

என்னிடம் மாரென், "உன் அப்பா அன்று பதில் சொல்லவில்லை. நான் மரியாதைக் குறைவாக ஏதும் பேசிவிட்டேனா?" என்று கேட்டார்.

இல்லை, நான்தான் அதைச் சொல்லவில்லை என்றேன். அவர் கோபிக்கவில்லை. என்னை உற்றுப் பார்த்தார். "நான் முதல்முறை ஏறியபோது பாதி வழியில் அழுதேன். என் கூட்டாளி கீழே நின்று, அவசரமில்லை என்று சொல்லிக்கொண்டே இருந்தான்" என்றார். பிறகு நாளைக்கு எத்தனை முட்டை வேண்டும் என்று பேசினோம்.

எட்வின் அண்ணன் போன் செய்தார். "சொல்லிட்டியா?" இல்லை என்றேன். "நான் நாலு மணிக்கு வருவேன் பிள்ள" என்றார். அவ்வளவுதான்.

டிசம்பர் 21, ஞாயிறு

காலை. மாவுக்கு எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. வெள்ளைக்கருவை மட்டும் கடைசியில் கடைய வேண்டும். அம்மா பாகு காய்ச்சுகிறாள், சால்வையோடு.

மழை வந்தால் வருகிறவர்கள் நனையக் கூடாது என்று அப்பா முற்றத்தில் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தார். தரையில் நின்றபடியே கயிற்றை வீசி வேப்பமரக் கிளையில் மாட்டினார். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். என் பக்கத்து முடிச்சு தளர்ந்திருந்தது. அப்பா வந்து அவிழ்த்துத் திரும்பக் கட்டிவிட்டுத் தன் பக்கம் போனார். அப்போது எங்களுக்கு நடுவில் தார்ப்பாய் தொங்கியது. அவர் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"அப்பா, சாயங்காலம் எட்வின் அண்ணன் ஒங்ககிட்ட ஒண்ணு கேப்பாரு. எனக்காகத்தான். கோயம்புத்தூர்ல ஒரு டிரெயினிங்கு. காத்தாடியில ஏறுறதுக்கு. நான்தான் பேரு குடுத்தேன். யாரும் என்னத் தூண்டிவிடல. மாரென் அன்னைக்குச் சொன்னது பணியாரத்தப் பத்தி இல்ல. ஒங்க மக மேல வரணும்னாவ. நான்தான் மாத்திச் சொல்லிட்டேன்."

தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம் கயிறு இழுபடும் சத்தம் நின்றது. தெருவில் மீன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போனார். அடுக்களையில் அம்மாவின் கரண்டிச் சத்தமும் இல்லை.

அப்பா கேட்டார். "மழ பெஞ்சா?"

"ஏற மாட்டோம்ப்பா. மழையும் இடியும் இருந்தா ஏறவே கூடாது. யாரு ஏறச் சொன்னாலும் ஏறக் கூடாது. அங்க அது சட்டம்."

"யாரு சொன்னாலுமா?"

"யாரு சொன்னாலும்."

அவர் தார்ப்பாயைச் சுற்றி இந்தப் பக்கம் வந்தார். கண் சிவந்திருந்தது. என் கையில் இருந்த கயிற்றை வாங்கினார். வாயைத் திறந்தார், ஒரு சொல் வரப்பார்ப்பதும் வராமல் நிற்பதும் எனக்குத் தெரிந்தது. அதற்கு மேல் அவரை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. புதன்கிழமையிலிருந்து நான் மனதுக்குள் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அப்பா, நீங்க சரின்னு சொல்லாண்டாம். எட்வின் அண்ணன் கேக்கும்போது, வேண்டாம்னு மட்டும் சொல்லாதிய."